முடி முளைத்த நாற்காலி

ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகத்தில் நிற்கும் ஒரு நாற்காலிக்கு வயது 250-ஐத் தாண்டிவிட்டது. கைப்பிடி கிடையாது. சிவப்பில் புறப்பட்டுக் கறுப்புக்குப் பாதி வழி வந்துவிட்ட மஹாகனி மரம். முதுகெல்லாம் இலை, கொடி, சுருள். பார்வையைக் கீழே இறக்கினால் முன்னங்கால் இரண்டிலும் மிருகத்தின் பாதம். பாதத்தில் முடி! ஆமாம் சார், உளியால் இழை இழையாகச் செதுக்கிய முடி. சலூன் பக்கமே போகாத சிங்கம் ஒன்று நாற்காலிக்கு அடியில் மாட்டிக்கொண்ட மாதிரி.

சரி, பின்னங்கால்களையும் பார்த்துவிடலாம் என்று சுற்றி வந்தால், மொழுமொழு. ஒரு முடி கிடையாது. சிங்கத்துக்கு முன்பாதி வரைக்கும்தான் பட்ஜெட்!

இந்த விசித்திரத்துக்கு ஆர்டர் கொடுத்த மகானுபாவர் ஜான் கட்வாலடர். பிற்காலத்தில் ஜெனரல், ஜார்ஜ் வாஷிங்டனுக்கு வேண்டப்பட்டவர். நாற்காலி காலத்தில் வெறும் பணக்கார மாப்பிள்ளை. 1768-ல் மேரிலாந்தின் லாயிட் குடும்பத்துப் பெண் எலிசபெத்தைக் கைப்பிடித்தார். லாயிட் குடும்பம் என்றால் கண்ணுக்கெட்டிய தூரம் தோட்டம், அதில் வேலை செய்ய அடிமைகள், வீடு நிறையப் பணம். மாப்பிள்ளைக்கு வயது 26. ஃபிலடெல்ஃபியா இரண்டாவது தெருவில் புது வீடு ஒன்றும் வாங்கியாயிற்று. இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன நடக்கும்? இன்டீரியர் டெக்கரேஷன்தான்.

அப்போது ஊரில் ஒரே தேசபக்தி. இங்கிலாந்து போட்ட வரிகளை எதிர்த்து, இங்கிலாந்துச் சரக்கே வேண்டாம் என்று 1769-ல் ஃபிலடெல்ஃபியா வியாபாரிகள் சபதம் எடுத்திருந்தார்கள். சுதேசிச் சாமானாகவே வீடு நிரம்பியது. மரம்? பிரிட்டிஷார் ஆதிக்கத்தில் இருந்த கரீபியன் பக்கத்திலிருந்து. டிசைன்? லண்டன் ஃபேஷன். தச்சர்? ஸ்காட்லாந்துக்காரர். செதுக்கு வேலைக்கு? லண்டனிலிருந்து வந்தவர். மற்றபடி நூறு சதவிகிதம் உள்ளூர் தயாரிப்பு.

இதில் இன்னொரு கூத்து. முடிப்பாதம் லண்டனில் கொடிகட்டிப் பறந்தது 1730-களில், 40-களில். 1770-ல் லண்டன் பெரிய மனிதர்கள் அதையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டு, ராபர்ட் ஆடம் என்பவர் சொன்னபடி பண்டைய ரோமானியப் பாணிக்குத் தாவியிருந்தார்கள். அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி வர ஃபேஷனுக்கு முப்பது வருஷம் பிடித்திருக்கிறது. கட்வாலடரோ லேட்டஸ்ட் மாடல் என்ற பெருமையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தார். பாவம், அவரிடம் யார் போய்ச் சொல்வது?

அந்தக் காலத்து வீடுகளில் இந்தக் கையில்லா நாற்காலிகளை அறையின் நடுவில் போட மாட்டார்கள். சுவரை ஒட்டி வரிசையாக நிறுத்திவைத்து, விருந்தாளி வந்தால் இழுத்துப் போடுவார்கள். போனதும் திரும்பச் சுவருக்கு. மேலே பட்டுத் துணி தைத்திருப்பார்கள். அந்தப் பட்டு அழுக்காகிவிடுமே என்று அதன்மேல் சாதாரணத் துணியில் ஓர் உறை. டிவி ரிமோட்டுக்குக் கடைசிவரை பாலிதீன் கவர் பிரிக்காத நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. விலை உயர்ந்த பட்டை வாங்கி, அதை யாரும் பார்க்காமல் பாதுகாத்தார் ஜான் கட்வாலடர்.

ஆனாலும் போட்ட பணம் வீண்போகவில்லை. 1774-ல் முதல் கண்ட காங்கிரஸுக்கு, அதாவது பிரிட்டிஷ் அரசை எப்படிச் சமாளிப்பது என்று ஆலோசிக்க, கனெக்டிகட்டிலிருந்து வந்தவர் சைலஸ் டீன். ஒருநாள் கட்வாலடர் வீட்டில் சாப்பாடு. பிறகு மனைவிக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த வீட்டையும் இதன் சாமான்களையும் போல இந்த ஊரிலும் பார்த்ததில்லை, வேறெங்கும் பார்த்ததில்லை என்று ஒரே புகழாரம். தேசத்தின் தலைவிதியைத் தீர்மானிக்க வந்தவரின் கண் நாற்காலியைத்தான் தீர்மானித்திருக்கிறது. கடிதத்தைப் படித்த திருமதி டீன் அடுத்து என்ன கேட்டிருப்பார் என்பதை ஊகிக்க சரித்திர ஆராய்ச்சி வேண்டாம்.

இந்தவகை நாற்காலிகளுக்கு அமெரிக்காவில் ‘சிப்பெண்டேல்’ என்று பெயர். தாமஸ் சிப்பெண்டேல், லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் கடை வைத்திருந்த தச்சர். அமெரிக்காவுக்கு வந்ததே இல்லை. அவர் செய்ததெல்லாம் 1754-ல் ஒரு புத்தகம் போட்டதுதான். 160 படப் பக்கங்கள். நாற்காலி, மேஜை, அலமாரி, கட்டில். அதுவரை தச்சர்கள் தொழில் ரகசியத்தைக் கோவணத்தில் முடிந்துவைத்திருக்க, இவர் கேட்லாக் அடித்து விற்றார். இதெல்லாம் படத்தில்தான் அழகு, மரத்தில் செய்யவே முடியாது என்று சக தொழிலாளிகள் முணுமுணுத்தார்கள் போலிருக்கிறது. அதெல்லாம் வன்மம் என்று முன்னுரையிலேயே ஒரு போடு போட்டார். ஆன்லைன் ரிவ்யூ வரும் முன்பே பதில் எழுதிய முதல் ஆள்!

அமெரிக்க சிப்பெண்டேல் நாற்காலியின் அடையாளமாக எல்லோரும் சொல்வது, உருண்டையைக் கவ்விப் பிடித்த பறவை நகம். சீனத்து டிராகன் முத்தைப் பிடித்திருக்கும் படத்திலிருந்து வந்தது என்பார்கள். சிப்பெண்டேல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பாருங்கள். அந்தக் கால் ஓரிடத்திலும் இல்லை! மனிதர் எழுதாத வசனத்துக்குத்தான் இரண்டரை நூற்றாண்டாகக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அவரும் லேசுப்பட்டவர் இல்லை. 1760-களின் கடைசியில் பிரான்சிலிருந்து முடிக்கப்படாத நாற்காலிச் சட்டங்களை, அறுபது நாற்காலிக்கு ஆகுமளவு, அடிமாட்டு விலைக்கு வாங்கியதாகக் கணக்குக் காட்டி இறக்கினார். சுங்க அதிகாரிகள் நம்பவில்லை, அத்தனையும் பறிமுதல். ஆங்கிலேய மரவேலையின் பெருமை என்று பாடப்புத்தகங்கள் கொண்டாடும் மேதை, கஸ்டம்ஸில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற காட்சியைப் பாடப்புத்தகங்கள் ஏனோ சேர்ப்பதில்லை.

மரத்தின் கதைக்கு வருவோம். மஹாகனி, தச்சன் கனவில் வரும் மரம். அகலமான பலகை கிடைக்கும். சீக்கிரம் கோணாது. பூச்சி எளிதில் தொடாது. இழை நெருக்கமாக இருப்பதால், நுணுக்கமாகச் செதுக்கினாலும் உதிராது. சிங்கத்துக்கு முடி வைக்க வேறு மரம் லாயக்கில்லை. 1721-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தன் அமெரிக்கக் காலனிகளிலிருந்து வரும் மரத்துக்கு இறக்குமதி வரியை நீக்கியது. கப்பல் கட்ட மரம் வரட்டும் என்பது உத்தேசம். வந்திறங்கியதோ டைனிங் டேபிள்.

ஜமைக்காவில் கைக்கெட்டிய மரத்தையெல்லாம் வெட்டித் தீர்த்துவிட்டு ஹோண்டுராஸ் கரைக்குப் போனார்கள். அங்கே மஹாகனி தோப்பாக வளராது. அடர்ந்த காட்டுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக நிற்கும். அதைக் கண்டுபிடிக்கவே தனியாக ஒரு வேட்டைக்காரர் உண்டு. ஆகஸ்ட் மாதத்தில் மஹாகனி இலை மஞ்சளும் சிவப்புமாக நிறம் மாறும் நேரம் பார்த்து, காட்டிலேயே உயரமான மரத்தின் உச்சிக்கு ஏறி, கடல்போல விரிந்த பச்சைக்குள் அந்த நிறத்தைத் தேடி, இறங்கி, வழிகாட்டி எதுவும் இல்லாமல் நேராக அங்கே போய் நிற்பார். ஜிபிஎஸ் எல்லாம் தலைக்குள். அவர் ஓர் அடிமை. கட்வாலடருக்கு அவர் பெயர் தெரியாது, நமக்கும் தெரியாது.

அடிமரம் கீழே அகன்று விரிந்திருக்கும் என்பதால், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கில் பரண் கட்டி, அதன்மேல் நின்று கோடாலி போட்டார்கள். பகல் வெயிலில் மாடுகள் சுருண்டுவிழும் என்று, இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் மாட்டு ஜோடிகளைப் பூட்டி ஆற்றங்கரைக்கு இழுத்தார்கள். மழை வந்து ஆறு பெருகியதும் மிதக்க விட்டார்கள். இதெல்லாம் எதற்கு? ஃபிலடெல்ஃபியாவில் ஒருவர் உறை போட்டு மூடிவைக்க. இன்று அந்தக் கரையிலுள்ள பெலிஸ் நாட்டின் கொடியில் மஹாகனி மரமும் மரம்வெட்டிகள் இருவரும் இருக்கிறார்கள். சிப்பெண்டேல் இல்லை.

இதே மஹாகனியில், ஃபிலடெல்ஃபியா தச்சர் பெஞ்சமின் ராண்டால்ஃப் ஒரு சின்ன எழுதுபெட்டி செய்தார். டிசைன் போட்டுக் கொடுத்தவர், அவர் வீட்டில் தங்கியிருந்த தாமஸ் ஜெஃபர்சன். மனிதர் எல்லோரும் சமம் என்று அறிவித்த சுதந்திரப் பிரகடனம் அந்தப் பெட்டியின்மேல் வைத்துத்தான் 1776-ல் எழுதப்பட்டது. அடிமைகள் வெட்டிய மரம், அடிமைகளை வைத்திருந்த எழுத்தாளர். பேனா கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

நாற்காலி வேலை நடந்த பட்டறைக்குள் போவோம். எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். தாமஸ் ஆஃப்லெக் 1763-ல் ஸ்காட்லாந்திலிருந்து லண்டன் வழியாக வந்தவர். குவேக்கர். அதாவது ஆடம்பரம் கூடாது, எளிமையே வாழ்க்கை என்று நம்பும் சமயக் கூட்டத்தைச் சேர்ந்தவர். தொழில், காலில் முடி வைத்த நாற்காலி செய்வது. அவரவர் மனசாட்சியை அவரவர்தான் இழைத்துக்கொள்ள வேண்டும்.

ஆஃப்லெக் கட்வாலடருக்கு அனுப்பிய பில் இன்றும் இருக்கிறது. செதுக்கு வேலையை அவர் தன் கையால் செய்யவில்லை. ஜேம்ஸ் ரேனால்ட்ஸுக்கும், பெர்னார்ட்-ஜூஜியே ஜோடிக்கும் வெளியே கொடுத்துவிட்டார். மொத்தத் தொகையில் கிட்டத்தட்டப் பாதி அவர்களுக்குப் போயிருக்கிறது. மரம், அறுப்பு, இழைப்பு, பொருத்து எல்லாம் சேர்ந்து ஒரு பாதி. பூவும் முடியும் இன்னொரு பாதி. ஆனால் பெயர் மட்டும் ஆஃப்லெக்குக்கு. அதிலும், இந்த நாற்காலிகளைச் செய்தது ஆஃப்லெக்கா ராண்டால்ஃபா என்று நிபுணர்கள் மாறி மாறிச் சண்டை போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதை எல்லோரும் பில்லோடு நிறுத்திக்கொண்டார்களே!

1772-ல் ஃபிலடெல்ஃபியாவில் மரவேலைக்கான விலைப் பட்டியலைப் புத்தகமாகவே அச்சடித்தார்கள். வால்நட் மரத்துக்கு ஒரு விலை, மஹாகனிக்குக் கூடுதல். நகம் வைத்த கால் வேண்டுமா, தனிக் காசு. முழங்காலில் இலை செதுக்க வேண்டுமா, அதற்கும் காசு. கார் ஷோரூமில் பேஸ் மாடல் விலையைக் கேட்டு உள்ளே போய், சன்ரூஃப், அலாய் வீல் என்று தலையாட்டி டாப் எண்டோடு வெளியே வருகிறோமே, அந்த வியாதிக்கு மருந்து அப்போதும் இல்லை.

வேலை எப்படி? வளைந்த முன்னங்காலை ஒட்டுப்போட்டுச் செய்ய முடியாது. மூன்று அங்குலக் கனமுள்ள ஒரே துண்டிலிருந்து அச்சுப் பலகை வைத்து இரண்டு பக்கமும் அறுத்தெடுக்க வேண்டும். நல்ல மரத்தில் கணிசமான பகுதி தரையில் தூளாகக் கிடக்கும். முதுகுப் பலகையை மெல்லிய ரம்பத்தால் குடைந்தபின், விளிம்பைப் பின்பக்கமாகச் சரித்துச் சீவிவிடுவார்கள். முன்னாலிருந்து பார்த்தால் பலகை காகிதம்போல் மெலிசாகத் தெரியும். பின்னால் போய்ப் பார்த்தால் தடிமன் அப்படியே இருக்கும். வயிற்றை எக்கிக்கொண்டு போட்டோவுக்கு நிற்கும் டெக்னிக்.

ஆசனத்தின் பக்கச் சட்டத்தை முதுகுக் காலோடு இணைக்கும் இடத்தில்தான் ஃபிலடெல்ஃபியா தச்சரின் கைரேகை. சட்டத்தின் நுனியை நாக்கு மாதிரிச் சீவி, காலில் வெட்டிய துளையில் நுழைத்து, மறுபக்கம் எட்டிப்பார்க்கும்படி விட்டுவிடுவார். மற்ற ஊர் தச்சர்கள் பெரும்பாலும் நாக்கைக் காலுக்குள்ளேயே ஒளித்துவிட்டார்கள். பாஸ்டன் பக்கத்தில் கால்களுக்கு நடுவே குறுக்குக் கட்டையும் போட்டார்கள். வளைந்த கால்மேல் அத்தனை நம்பிக்கை. ஃபிலடெல்ஃபியா நாற்காலிக்குக் குறுக்குக் கட்டை கிடையாது. துளையும் நாக்கும் தாங்கும், உள்மூலையில் வஜ்ஜிரம் போட்டு ஒட்டிய கட்டை தாங்கும். முன்பக்கம் முழுக்க மரியாதை. பின்பக்கம் நாக்கை நீட்டிப் பழிப்புக் காட்டுகிறது.

நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் பாலிஷே இருக்காது. ரம்பத் தடம், இழைப்புளி வரி, எந்த ஆசனம் எந்த நாற்காலிக்கு என்று குழம்பாமலிருக்க உளியால் கொத்திய ரோமன் எண்கள். காசு கொடுத்தவர் குனிந்து பார்க்கப் போவதில்லை என்று தச்சருக்குத் தெரியும். கொழுத்த பணக்காரனின் நாற்காலியில் தச்சர் தனக்காக வைத்துக்கொண்ட ஒரே இடம் அதுதான்.

பிறகு யுத்தம் வந்தது. 1777 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை ஃபிலடெல்ஃபியாவைப் பிடித்தது. கட்வாலடர் வாஷிங்டன் பக்கம். விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்ற குவேக்கர்களைச் சந்தேகப்பட்டு, சுதந்திரப் போராளிகள் வர்ஜீனியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவர்களில் ஒருவர் ஆஃப்லெக். ஆக, முதலாளி போர்க்களத்தில், முதலாளியின் கட்சி பிடித்துப்போட்ட தச்சர் வர்ஜீனியாவில், வீடும் சாமானும் எதிரி கையிலிருந்த ஊரில். இவ்வளவு கலவரத்திலும் நாற்காலிகள் மட்டும் நடுநிலை.

ஊர் திரும்பக் கைக்கு வந்ததும் கட்வாலடர் செய்த காரியம், வாஷிங்டனைப் பற்றித் தாறுமாறாகப் பேசியதாக தாமஸ் கான்வே என்ற ஜெனரலுடன் துப்பாக்கிச் சண்டை. தேதி 1778 ஜூலை 4! நாட்டின் பிறந்தநாள்! குண்டு கான்வேயின் வாயில் பாய்ந்தது. பேசிய உறுப்பையே குறிபார்த்த மாதிரி. செத்துவிடுவோம் என்று பயந்த கான்வே வாஷிங்டனுக்கு உருக்கமாக மன்னிப்புக் கடிதம் எழுதினார். எழுதி அனுப்பியபின் பிழைத்துக்கொண்டார். ரொம்ப சங்கடம். பிரான்சுக்குத் திரும்பி, 1787-ல் எங்கே கவர்னராக வந்து இறங்கினார் என்று நினைக்கிறீர்கள்? நம் புதுச்சேரிக்கு! ஃபிலடெல்ஃபியாவில் குண்டு வாங்கிய வாய் புதுச்சேரியில் உத்தரவு போட்டது.

நூறு வருஷம் இந்த நாற்காலிகளை யாரும் சட்டை செய்யவில்லை. 1876-ல் சுதந்திர நூற்றாண்டு விழாக் கண்காட்சி அதே ஃபிலடெல்ஃபியாவில் நடந்தது. அமெரிக்கர்களுக்குத் திடீரென்று பாட்டி வீட்டு ஞாபகம். பழைய நாற்காலி வேண்டும்! எல்லோருக்கும் வேண்டும்! பழைய நாற்காலியைப் புதிதாக எப்படித் தயாரிப்பது? தயாரித்தார்கள். அந்தக் காப்பிகளுக்கே இப்போது வயது நூறைத் தாண்டிவிட்டதால் அவையும் ஆன்டிக். கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும், டூப்ளிகேட்டும் குலப்பெருமை சம்பாதித்துவிடும்.

1929 ஏப்ரலில் ரெய்ஃப்ஸ்னைடர் என்பவரின் பழஞ்சாமான் சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது, பத்திரிகை மன்னர் ஹெர்ஸ்டும் வெடிமருந்துக் குடும்பத்து வாரிசு டு பாண்டும் ஓர் உயரமான இழுப்பறை அலமாரிக்கு மல்லுக்கட்டினார்கள். டு பாண்ட் 44,000 டாலருக்குத் தட்டிக்கொண்டு போனார். ஆறே மாதத்தில் பங்குச் சந்தை படுத்தது. அலமாரி நிமிர்ந்து நின்றது.

இந்த ஆன்டிக் உலகத்தில் அழுக்குக்கு மார்க்கெட் உண்டு. 200 வருஷத்துக் கைப்பிசுக்கு, மெழுகு, அடுப்புப் புகை எல்லாம் சேர்ந்த மேல்படலத்துக்கு ‘பாட்டினா’ என்று பெயர். நல்லெண்ணத்தோடு தேய்த்துக் கழுவி, புது வார்னிஷ் அடித்துப் பளபளவென்று கொண்டுபோய் நிறுத்தினால், நிபுணர் முகம் இழவு வீடாகும். வருஷத்துக்கொரு தரம் வீட்டைச் சுத்தம் செய்தே தீருவேன் என்று கிளம்பும் எந்தக் குடும்பத் தலைவரும் லட்சாதிபதியாக முடியாத ஒரே தொழில்.

கட்வாலடர் வீட்டுச் சாமான்கள் வாரிசுகள் காலத்தில் நாலா பக்கமும் சிதறின. அதே முடிப்பாதம் கொண்ட பெரிய சாய்வு நாற்காலி ஒன்று பென்சில்வேனியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. எத்தனை பேர் அதில் சாய்ந்து தூங்கினார்களோ! 1987 ஜனவரியில் நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில் அது 27 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குப் போனது. அமெரிக்க மரச்சாமானுக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. லண்டனில் காலாவதியான ஃபேஷனுக்குக் கடைசியில் கிராக்கி வந்தே விட்டது.

காசு இவ்வளவு புரண்டால் குறும்புக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ரோட் ஐலண்டின் சிற்பி ஆர்மண்ட் லமான்டேன் 1969-ல் பதினேழாம் நூற்றாண்டு நாற்காலி ஒன்றை உருவாக்கினார். மஹாகனி காலத்துக்கும் முந்தைய, முதல் குடியேறிகள் காலத்து ‘பிரூஸ்டர்’ ரகம். எல்லாம் தெரிந்தவர்கள் என்று மிடுக்காக நடமாடும் நிபுணர்களுக்கு ஒரு பரீட்சை வைப்பதுதான் திட்டம். அடித்து, பொசுக்கி, அழுக்கேற்றி, 300 வருஷக் கிழடாக்கினார். நாற்காலி கைமாறி, 1970-ல் ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகம் 9,000 டாலர் கொடுத்து அன்போடு வாங்கிவைத்தது.

ஏழு வருஷம் கழித்து விஷயம் வெளியே வந்தது. செய்தவரே சொன்னார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால், துளைகளெல்லாம் நவீன டிரில் போட்டவை. பிற்பாடு நிரூபிக்கத் தோதாக வேண்டுமென்றே அப்படிப் போட்டிருக்கிறார். அருங்காட்சியகம் நாற்காலியை விறகாக்கிவிடவில்லை. போலியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பாடம் நடத்த வைத்துக்கொண்டது. போலி நாற்காலிக்கு அங்கே வாத்தியார் உத்தியோகம். பாஸ் போட்டு உள்ளே விட்ட நிபுணர்கள் அதனிடம் பாடம் கேட்க வேண்டியதாயிற்று.